பூட்டிய கதவுக்கு முன் பொங்கிய பால்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். இன்று காலையில் பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். யார் வீட்டுப் பாலோ பொங்கினதற்கு நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று மருமகள் கேட்டாள். அழவில்லை, நிம்மதியாக இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும், அண்ணே.

முதன்முதலில் பார்த்தபோது உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுக் கேட்க வந்த இன்னொரு வெள்ளை வேட்டி, அவ்வளவுதான். நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். கொள்ளிடக் கரைக் குடிசைகள் என் பொறுப்பு. மணல் அள்ளுகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் இருந்த இடம். ஜெயித்த பிறகு ஒருத்தரும் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். நீங்கள் சிரித்துவிட்டுப் போனீர்கள். சட்டசபைக்கு ஜெயித்த கையோடு, திருவெள்ளறை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்து நின்றீர்கள்.

"திட்டினவங்களத்தான் மொதல்ல பாக்கணும்னு வந்தேன், நர்ஸம்மா."

எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் யாரையும் கேட்டதில்லை. குறையைச் சொல்ல வாயைத் திறந்தால், "வாங்க, போய்ப் பாப்போம்" என்று செருப்பை மாட்டிக்கொள்வீர்கள். அன்று செல்லம்மாள் குடிசைக்கு அழைத்துப் போனேன். அதற்கு முந்தின வருஷம் ஆடியில், அவளுக்கு வலி எடுத்த நேரத்தில்தான் கொள்ளிடம் குடிசைக்குள் வந்தது. கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கரையேறினோம். தாய் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. இதையெல்லாம் அவளுடைய மாமியார் ராக்காயி சொல்லச் சொல்ல, நீங்கள் வாசலில் குனிந்தபடியே கேட்டீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன மனுஷன் இவர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பும்போதுதான் சொன்னீர்கள்: "வீட்டுக்கு ஒரு மந்திரி, வைத்தியத்துக்கு ஒரு மந்திரி. தண்ணிக்குள்ள பெக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." சட்டசபையிலும் இதையேதான் பேசினீர்களாம். எத்தனை முறை மெட்ராஸுக்கு ரயில் ஏறினீர்களோ, யார் யாரிடம் பல்லைக் காட்டினீர்களோ, தெரியாது. வெள்ளம் எட்டாத மேட்டில் ஓடு வேய்ந்த வீடுகள் வரிசையாக எழும்பின. ஒற்றை அறையும் சின்ன சமையல்கட்டும்தான். ஆனால் சுவர் செங்கல் சுவர். செல்லம்மாள் மறுபடியும் உண்டாகியிருந்தாள், ஆடியில்தான் நாள். அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முழுதாக இறங்குவதற்குள் வந்தது வினை. மந்திரி வந்து திறந்துவைத்த பிறகுதான் சாவி கொடுப்பார்களாம், அவருக்கு ஒழிந்த நாள் ஆடி நடுவில்தான் இருக்கிறதாம். தேதி வைத்த அதிகாரி நம்ம ஜில்லாக்காரர்தான். தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆடியில் பெண் பார்க்கக்கூடப் போயிருக்க மாட்டார். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாதம் மறந்துபோய்விட்டது அவருக்கு. ஆடியில் குடிபோக மாட்டோம், ஆவணி பிறக்கட்டும் என்று குடிசைக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள்.

நான் பத்ரகாளியாகிவிட்டேன். ஆறு உங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டா வரும் என்று கத்தினேன். ராக்காயி பதிலுக்குக் கத்தவில்லை.

"போன தடவ ஒண்ணக் குடுத்தாச்சும்மா. ஆடியில பால் காய்ச்சி, இன்னொண்ணையும் குடுக்கச் சொல்றீங்களா?"

அவளுக்கும் என்னைப்போல அதே பிள்ளையைப் பற்றிய பயம்தான். நீங்கள் என்னைக் கையமர்த்திவிட்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தீர்கள். பால் காய்ச்சிவிட்டால் அன்றைக்கே உள்ளே படுக்க வேண்டுமா, சாமான்களைப் பிறகு கொண்டுபோகலாமா என்று சம்பந்தி பேசுகிறவர் மாதிரி பதமாக விசாரித்தீர்கள். பால் பொங்கிவிட்டால் வீடு நம்முடையது, சாமான் எப்போது வேண்டுமானாலும் வரும் என்றாள். ஆனி முடிய இன்னும் சில நாள் இருந்தது. நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள்.

ஆனியின் கடைசி வியாழக்கிழமை காலை, பூட்டிய கதவுகளுக்கு முன்னால் வாசலுக்கு வாசல் செங்கல் அடுப்பு. கோலமும் மாவிலையும் மஞ்சள் கட்டிய பானையுமாகத் தெருவே கல்யாண வீடாகிவிட்டது. ராக்காயி மட்டும் திருப்தியில்லாமல் நின்றாள். வெளியே பொங்கினால் கணக்கில் சேராது, நிலைப்படிக்கு உள்ளே போக வேண்டும் என்றாள். உடனே நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் அடுப்பைப் படியோடு ஒட்டிவைத்துப் பானையைக் கதவுப் பக்கம் சாய்த்தீர்கள். பால் பொங்கி, படியில் வழிந்து, கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே ஓடியது. ராக்காயி குனிந்து பார்த்தாள்.

"உள்ள போயிருச்சு" என்றாள். உடனே தெருவெல்லாம் குலவை.

புகையைப் பார்த்து ஜீப்பில் வந்த அதிகாரி, அரசாங்கக் கட்டடத்தில் இதென்ன என்று குதித்தார். பூட்டை ஒருவரும் தொடவில்லை, வாசலில் பால் காய்ச்சிக் குடிக்கிறோம், நீங்களும் ஒரு வாய் குடியுங்கள் என்று டம்ளரை நீட்டினீர்கள். குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆடி பிறந்தது. மந்திரி வருவதற்கு முன்பே முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். காலையில் தகவல் வந்ததும் நீங்கள் ஓடிவந்து, ராக்காயி வீட்டுப் பூட்டைக் கல்லால் அடித்து உடைத்தீர்கள். மந்திரிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றீர்கள். அடுத்த பூட்டுக்குக் கல்லை ஓங்கியபோது ஜீப் வந்து நின்றது. அதிகாரி சாவிக்கொத்தோடு இறங்கி, மற்ற வீடுகளைத் தானே திறந்துவிட்டார். அவரை அன்றைக்கு மன்னித்துவிட்டேன். பால் காய்ச்சியாகிவிட்டதால் இந்த முறை யாரும் தயங்கவில்லை. மத்தியானத்துக்குள் பானை, பாய், கோழி, குழந்தை எல்லாம் மேடேறிவிட்டன. கீழே குடிசைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

செல்லம்மாளுக்கு வலி கண்டதும் அப்போதுதான். உலர்ந்த தரை, சாத்த ஒரு கதவு, பக்கத்தில் வெந்நீர். ஒரு நர்ஸுக்கு வேறென்ன வேண்டும்? பெண் குழந்தை, ஊரைக் கூட்டும் அழுகை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மழையில் நனைந்தபடி சுவரோடு சுவராக நின்றிருந்தீர்கள்.

"ரெண்டும் நல்லாருக்கா, நர்ஸம்மா?"

நன்றாக இருக்கிறது என்றேன். நம்பாதவர்போல மறுபடி கேட்டீர்கள், மறுபடி சொன்னேன். அதற்குப் பிறகுதான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அவ்வளவு நாள் நெஞ்சில் கனத்ததெல்லாம் அந்த அழுகையில் கரைந்துபோனது.

அந்தத் தெருமுனையிலேயே ஒரு பிரசவ அறையும் வாங்கிக் கொடுத்தீர்கள். அடுத்த தேர்தலில் தோற்றுப்போனீர்கள். இனிமேல் இவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். ஆனால் பஸ் பிடித்து வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவீர்கள். பதவி போனவருக்கு இந்தக் கவலை எதற்கு என்று சிடுசிடுத்தாலும், உங்கள் குரல் கேட்காத பிரசவம் எனக்கு முடிந்த மாதிரியே இருக்காது.

நீங்கள் போய்ச்சேர்ந்த மறுநாளும் அந்த அறையில் ஒரு பிள்ளை பிறந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. நான் போய்க் கதவைத் திறந்து, வெறும் வாசலைப் பார்த்துச் சொன்னேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

"ரெண்டும் நல்லாருக்கு, அண்ணே."