குருநகரா, நல்லூரா, பண்ணையா

யூலை 8, திங்கள்

சோளகக் காற்று. முற்றம் முழுக்க மணல். கூட்டிக் கூட்டிக் கை நோகிறது. நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். வாங்க வேண்டியது: சீனி, சவர்க்காரம், மகள் நிரோஷிக்குக் கொப்பி.

பின்னேரம் அவர் கத்தாரிலிருந்து போன் எடுத்தார். லீவு கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறார், ஒரு மாதம் நிற்பார். "சரி" என்று மட்டும் சொன்னேன். அவருடைய அம்மா, மாமி, பக்கத்தில் இருந்தா.

போனை வைத்த கையோடு முடிவு. யாழ்ப்பாணத்தில் மூன்று நாள், அறை எடுத்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும். கலியாணம் கட்டியதிலிருந்து ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லை. போன முறை வந்தபோது வீடு நிறையச் சனம். அவரோடு தனியாகக் கதைத்தது கிணற்றடியில், அதுவும் வாளி நிரம்பும் வரை. திரும்பிப் போகும்போது வேனிலும் அவர் முன்னுக்கு, நான் பின் சீற்றில்.

யூலை 9, செவ்வாய்

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்?

குருநகர்: கூடாது. அங்கே அவருடைய அக்கா, என் மச்சாள். மச்சாள் வீட்டில் நின்றால் அவர் அத்தானோடு விறாந்தையில், நான் குசினியில். அதற்கு இங்கேயே இருக்கலாம். அவா இருக்கிற இடத்தில் அறை எடுத்தாலோ, முகத்தில் அடித்த மாதிரி. சாகும்வரை சொல்லிக் காட்டுவா.

நல்லூர்: அமைதியான ஒழுங்கைகள், மரநிழல். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் குறைவு, ஒருவரும் காணமாட்டார்கள். ஆனால் அந்த நேரம் கோயில் திருவிழா. வீட்டுக்குள் மீன், மச்சம் ஒன்றும் கூடாது என்பார்கள். கடற்கரையில் பிறந்த மனுசனுக்கு மூன்று நாளும் கத்தரிக்காயா?

பஸ் நிலையத்தடி: வேண்டாம். ஹோர்ன் சத்தம், புகை.

பண்ணை: கடலோரம், கோட்டை, காற்று. வெயில் தாழ மதில் மேல் நடக்கலாம். குருநகர் கிட்ட என்பதுதான் பயம். மச்சாள் சந்தைக்குப் போகிற பாதை எது?

நிரோஷிக்குத் தடிமன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

யூலை 11, வியாழன்

பண்ணையில் ஓர் அறைக்குப் போன் எடுத்தேன். வீட்டுக்கார அம்மா கதைத்தா.

"எங்க இருந்து எடுக்கிறீங்கள்?"

"முள்ளிவாய்க்கால்."

"குடும்பமோ?"

"ஓம், நானும் இவரும்."

"உங்கட பக்கத்து ஆக்களுக்கு இஞ்ச சொந்தக்காரர் இருப்பினமே, பிள்ளை. பிறகேன் அறை?"

கலியாணச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னா. கட்டின மனுசனோடு இருக்க அத்தாட்சி. முதலில் கோபம், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மேல்மாடி, கடல் பக்கம் யன்னல். பிடித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

வாசலில் கடலை வைத்துக்கொண்டு கடல் பார்க்க யாழ்ப்பாணம் போகிறாளாம் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். கடலுக்காகவா போகிறேன்? யன்னலடியில் அவர் நிற்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருவரும் கூப்பிடக்கூடாது.

யூலை 13, சனி

போனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அவருக்குச் சொன்னேன்.

"அறையே?" என்றார். "இஞ்ச நான் அறையிலதானே இருக்கிறன். கட்டிலில மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். கதவுத் திறப்பும் வேற ஆரிட்டையோ. எனக்கு எங்கட வீட்டில படுக்க வேணும். விடிய எழும்பி வாசல் முத்தத்தில நிக்க வேணும்."

"வீட்டில எப்பிடிக் கதைக்கிறது?"

"கதைக்கலாம்."

கதைக்க மாட்டோம். அது அவருக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் காசு அனுப்பினவர், இதற்குள் படுத்தெழும்பிய நாள் எத்தனை?

கறி அடிப்பிடித்துவிட்டது. மாமி அதையே சாப்பிட்டா.

யூலை 14, ஞாயிறு

தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனோம். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. எனக்கு அவர் வேண்டும், அவருக்கு வீடு வேண்டும். அந்த வீட்டுக்குள் நானும் இருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார், பாவம்.

உடுப்புத் தோய்க்கும்போது ஒரு யோசனை. நாங்கள் போகாமல் மற்றவர்கள் போனால்? மாமியையும் நிரோஷியையும் வரச் சொல்லி மச்சாள் எந்த நாளும் கேட்கிறா. மூன்று நாள் அவர்கள் குருநகரில் நின்றால், இங்கே நாங்கள் மட்டும். அவருக்கு முற்றமும் கிடைக்கும்.

நினைத்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த வயதில்.

யூலை 15, திங்கள்

மாமி குசினி வாசலில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தா. கேட்டுவிட்டேன்.

"மாமி, அவர் வந்து நிக்கேக்க நீங்களும் நிரோஷியும் மூண்டு நாள் குருநகரில நிண்டிட்டு வாறீங்களோ?"

அவாவின் கை நின்றது.

"எனக்கும் அவன் வாறான்தானே, பிள்ளை."

அவ்வளவுதான். நிமிர்ந்து என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. இரண்டு வருடமாக நான் ஒருத்திதான் காத்திருக்கிறேன் என்று நினைத்தேனே. அவர் போன் எடுக்கும்போது அவா ஏன் பக்கத்தை விட்டு அசைவதில்லை என்று எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஒன்றும் வேண்டாம். எல்லாரும் இருக்கட்டும். அவர் வந்தால் போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன், போதாது.

யூலை 16, செவ்வாய்

காற்றுக் கொஞ்சம் அடங்கியது. பண்ணைக்குப் போன் எடுத்து அறை வேண்டாம் என்றேன். அந்த அம்மா நல்ல மாதிரி, "அப்ப சொந்தக்காரரிட்டத்தான் நிண்டு பாருங்கோ" என்றா. ஓம் என்று வைத்தேன்.

மத்தியானம் நான் கொடியில் உடுப்பு எடுக்க, விறாந்தையில் மாமி மச்சாளோடு போனில். எனக்குக் கேட்க வேண்டும் என்றே பெரிய குரலில்.

"ஓம் மோனை, நானும் நிரோஷியும் வாறம். வந்த உடன இல்லை. முதல் கிழமை என்ர கையால சமைச்சுப் போட்டு, அவன் தின்னுறதைப் பாத்திட்டுத்தான் வருவன்... மூண்டு நாளில்லை, ஒரு கிழமை, ஏழு நாளும் நிப்பம்... அதுகளோ? அதுகள் வராதுகள். வீடு பாக்க ஆள் வேணும்தானே."

போனை வைத்தா. உள்ளே போய்ப் பயணப் பையை எடுத்து வந்து என் கையிலிருந்த உடுப்புக்கு மேல் போட்டா.

"வார் அறுந்துபோச்சு. நான் போறதுக்கு முதல் தைச்சுத் தா."

போக இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. நான் அப்போதே ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.