எல் போர்டு ஒட்டிய வண்டி

9 ஏப்ரல் 2025, புதன்

இன்று ஊசிக்குப் போகவில்லை. நூர்நிஷா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் பிடித்த வாடகைக் கார்தான் காரணம். பொட்டல்புதூரில் வீட்டு வாசலில் ஏறியதிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரியில் இறங்குகிற வரைக்கும் அந்த டிரைவர் ஒரு பள்ளத்துக்கும் பிரேக்கைத் தொடவில்லை. இவளுக்கோ முதுகெலும்பு வரைக்கும் புற்று பரவியிருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கையைப் பிடித்து நகத்தால் அழுத்தினாள். நான் இரண்டு தடவை மெதுவாகப் போகச் சொன்னேன். "சவாரி அடுத்து இருக்கு பாய்" என்றான்.

"உசிரு பிழைக்கதுக்குத்தான ஊசி? ஊசிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உசிரு போவுதுன்னா எதுக்கு மச்சான்? விட்டுருங்க" என்கிறாள்.

ஊசியை விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

10 ஏப்ரல்

நானே ஓட்டுகிறேன் என்றேன். மச்சினன் வீட்டு ஷெட்டில் பழைய கார் ஒன்று சும்மாதான் நிற்கிறது.

"நீங்களா? அதுக்கு அந்த டிரைவரே தேவல" என்றாள். சவூதியில், தம்மாமில் இருபது வருடம் டிரெய்லர் ஓட்டியவன் நான். லீவில் வந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே இவள் பயந்துபோய்ப் பக்கத்தில் யாசீன் ஓத ஆரம்பித்துவிடுவாள்.

"வலிச்சா ஒரு சத்தம் குடு. அங்கனயே நிறுத்திருதேன்" என்று கெஞ்சினேன். கடைசியில், "ஒரே ஒரு தடவை பாப்போம்" என்றாள். அது போதும் எனக்கு.

16 ஏப்ரல், புதன்

போய் வந்துவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ். முன் சீட்டைச் சாய்த்து, இடுப்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று எனத் தலையணை வைத்து, இருபத்தைந்துக்கு மேல் முள் ஏறாமல் ஓட்டினேன். அவள் ஒரு தடவைகூட முனகவில்லை.

ஆனால் பின்னால் வந்தவர்கள்! கடையம் தாண்டியதிலிருந்து ஹார்ன், ஹார்ன், ஹார்ன். ரோட்டோரம் இரண்டு பக்கமும் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறது. எங்கே ஒதுங்குவது? ஒரு ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, "இதுக்கு நடந்தே போயிருக்கலாமே பெரியவரே" என்று கத்திவிட்டுப் போனான். யாருடா பெரியவர்? ரியாத் ரோட்டில் நான் போன வேகத்துக்கு நீயெல்லாம் என் புழுதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். கால் துடித்தது. ஒரு மிதி மிதித்தால் போதும். பக்கத்தில் பார்த்தேன். காலை எடுத்துக்கொண்டேன்.

அவளோ பள்ளத்துக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வருகிறாள். மத்தளம்பாறைக்கு முன்னால் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற பெரிய பள்ளத்துக்கு என் அக்கா பெயர். "உங்க பெரிய லாத்தா வருது, பாத்து மச்சான். மேல சாதுவாத்தான் தெரியும். உள்ள எவ்வளவு ஆழம்னு எனக்குல்லா தெரியும்!"

17 ஏப்ரல்

காதுக்குள் இன்னும் ஹார்ன் கேட்கிறது.

23 ஏப்ரல், புதன்

இன்றைக்குச் சண்டையே வந்துவிட்டது. தினமும் அந்த நேரத்துக்குத் தென்காசி போகிற தனியார் பஸ் கடையத்திலிருந்து என் பின்னாலேயே வந்தது. மாதாபுரம் விலக்கில் எப்படியோ ஏறி முந்தி, காருக்குக் குறுக்கே நின்றது. டிரைவர் குதித்து இறங்கி வந்தான். பாண்டியராஜ் என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டுத் தடுத்தார்கள். கேட்கவில்லை.

"பாய், ரோடு என்ன உங்க வீட்டு முத்தமா? எனக்கு டைம் போச்சுன்னா பின்னால வாற வண்டிக்காரன் என் ஆளுகள ஏத்திட்டுப் போயிருவான். முதலாளிகிட்ட நீங்க வந்து பதில் சொல்லுவியளா?"

ஏலே, நீ பொறக்கதுக்கு முன்னால ஸ்டியரிங் பிடிச்சவன்லே நான் — என்று கதவைத் திறக்கப் போனேன். நூரு கண்ணாடியை இறக்கினாள்.

"தம்பி, கோவப்படாதிய. எனக்கு எலும்புல நோவு. குலுங்குனா தாங்க முடியல. அதான் இவுக மெதுவா ஓட்டுதாக."

அவன் தலையணைகளைப் பார்த்தான். அவள் தலையில் முக்காட்டுக்குள் முடி இல்லாததையும் பார்த்திருப்பான். திரும்பிப் போய் வண்டியை எடுத்தான். அவன் கேட்டதும் நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இவள் சொல்கிறாள்: "பின்னால வாறவனுக்கு உள்ள நான் இருக்கது எப்படித் தெரியும் மச்சான்? தெரியுத மாதிரி ஏதாவது ஒட்டுங்க." நோயாளி இருக்கிறார் என்று எழுதி ஒட்டவா என்றேன். முகம் மாறிவிட்டது. "பாக்குறவன் எல்லாம் பாவம்னு பாக்கவா? அது வேண்டாம்."

26 ஏப்ரல்

கடையத்தில் ஸ்டிக்கர் கடைக்குப் போய் எல் போர்டு வாங்கினேன். வெள்ளையில் சிவப்பு எழுத்து. "பேரனுக்கா பாய்?" என்றான் கடைக்காரன். எனக்குத்தான் என்றேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

முன்னாலும் பின்னாலும் ஒட்டிவிட்டு நூருவை வாசலுக்குக் கூட்டி வந்து காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை அவளால். ராத்திரி ஷார்ஜாவிலிருந்து மகள் ஆஷிகா பேசினபோது முதலில் அதைத்தான் சொன்னாள். "ஒங்க வாப்பா இப்பத்தான் வண்டி பழகுதாக."

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. என் மானம் போனால் போகட்டும்.

30 ஏப்ரல், புதன்

நம்ப முடியவில்லை. ஹார்ன் பாதியாகக் குறைந்துவிட்டது. வண்டி பழகுகிறவன் என்றால் ஜனங்களுக்குப் பொறுமை வருகிறது. ஒருத்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். பாண்டியராஜ் லேசாக ஒரு தடவை மட்டும் அடித்தான், அகலமான இடத்தில் முந்தினான்.

தென்காசி எல்லையில் போலீஸ் செக்கிங். இளவயசுப் போலீஸ்காரர் ஒருத்தர், சட்டையில் முத்துச்செல்வம் என்று பெயர். என் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுப் போர்டைப் பார்த்தார்.

"ஹெவி லைசென்ஸ் வச்சிருக்கிய. எல் போர்டு எதுக்கு? எல் போர்டுன்னா பக்கத்துல சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், தெரியும்லா?"

பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நாந்தான் சார் சொல்லிக் கொடுக்கேன். இவுகளுக்கு வேகமா ஓட்ட மட்டுந்தான் தெரியும். மெதுவா ஓட்ட இப்பத்தான் பழக்குதேன்."

குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "சரி டீச்சர். நல்லாச் சொல்லிக் கொடுங்க."

வழியெல்லாம் "டீச்சர், டீச்சர்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

11 ஜூன், புதன்

ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனி வலிக்கு மட்டும்தான் மருந்தாம்.

காரில் ஏறியதும், "என்ன சொன்னாரு?" என்றாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும், "குத்தாலத்துல சாரல் விழுந்துட்டாம்லா. ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

15 ஜூன், ஞாயிறு

சீசன், அதிலும் ஞாயிற்றுக்கிழமை. புத்தியுள்ளவன் எவனும் குற்றாலத்துக்குக் காரை எடுக்க மாட்டான். எங்கெங்கிருந்தோ வந்த வண்டிகள். தென்காசி தாண்டுகிற வரைக்கும் எங்களை விர் விர்ரென்று முந்திப் போனவர்கள் எல்லாம் அருவி ரோட்டில் மொத்தமாக மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஊர்ந்தோம், நின்றோம், ஊர்ந்தோம். எனக்குத் தலைவலி.

அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "பாத்தியளா மச்சான், இன்னைக்கு எல்லாரும் நம்ம வேகந்தான்!"

சாரல் முகத்தில் விழ விழக் கண்ணை மூடிக்கொண்டாள். அருவிக்குப் பக்கத்தில் போக முடியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மங்குஸ்தான் வாங்கினேன். தோலைப் பிய்த்து ஒரு சுளை கொடுத்தேன். பாதி தின்றாள். மீதியை என் வாயில் வைத்தாள். பின்னால் எவனோ ஹார்ன் அடித்தான். எங்கே போய்விடப் போகிறான்? நகர்ந்தால் இந்த நாள் முடிந்துபோகும் என்று இருந்தது எனக்கு.

2 ஜூலை, புதன்

பள்ளங்களின் பெயரை இன்று அவள் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். "லாத்தா வந்தாச்சு, பிடிச்சுக்கோ" என்றேன். ம் என்றாள்.

10 ஜூலை, வியாழன்

காலையில் மூச்சு இழுத்தது. வாடகை வண்டி வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டாம், நீங்களே ஓட்டுங்க என்றாள். தூக்கி உட்கார வைத்தேன். ஒன்றுமே கனக்கவில்லை.

கடையம் தாண்டியதும் என் கையைத் தொட்டாள். "மச்சான். இன்னைக்குப் பள்ளம் பாக்க வேண்டாம். மிதிங்க."

மிதித்தேன். யா அல்லாஹ், மிதித்தேன். மாதாபுரம் தாண்டி முன்னால் ஒரு கார், மாலை போட்ட புது வண்டி, மெதுவாக, மெதுவாகப் போகிறான். ஹார்னில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. ஒதுங்குலே, ஒதுங்குலேன்னு கத்துதேன். அவன் பொண்டாட்டி திரும்பிப் பார்த்து முறைக்கா. அவளுக்கு எப்படித் தெரியும்? அவன ஓரமா ஒதுக்கிட்டு நான் ஏறிப் போனேன்.

அதற்கு முன்னால் பாண்டியராஜின் பஸ். கண்ணாடியில் எல் போர்டைப் பார்த்திருக்கிறான். அந்த வண்டி இந்த வேகத்தில் வந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். வழிவிடுவான் என்று நினைத்தேன். அவன் விளக்கைப் போட்டு, ஹார்னை அழுத்தி, எனக்கு முன்னால் பறந்தான். ஸ்டாப்பில் கை காட்டியவர்களை ஏற்றவில்லை. எதிரே வந்ததெல்லாம் ஒதுங்கியது. ஆஸ்பத்திரி திருப்பம் வரைக்கும் வழி எடுத்துக் கொடுத்தான். இவ்வளவு பேர் நிற்கிற ஸ்டாப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறானே, முதலாளிக்கு என்ன சொல்வான்?

வழியில் லாத்தா பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. கையும் என் கையைப் பிடிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில், அஸர் தொழுகைக்கு முன்னால் போய்விட்டாள்.

11 ஜூலை, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம். மழை தூறிக்கொண்டே இருந்தது. கப்ரஸ்தான் வரைக்கும் தோளில் தூக்கிப் போனோம். மெதுவாகத்தான் போனோம்.

20 ஆகஸ்ட்

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்துவிட்டது. ஆஷிகா ஷார்ஜாவுக்குக் கிளம்பிவிட்டாள். காரை விற்றுவிடுங்கள் வாப்பா என்று சொன்னாள். மச்சினன் கார், நான் எப்படி விற்பது? திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை.

24 செப்டம்பர், புதன்

மிஞ்சிய மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். வேறு நாள் போயிருக்கலாம். புதன்கிழமை என்றதும் கை தானாகச் சாவியை எடுத்தது.

குழாயைப் புதைத்துவிட்டுப் புது ரோடு போட்டுவிட்டார்கள். கடையத்திலிருந்து மத்தளம்பாறை வரைக்கும் வழுவழுவென்று இருக்கிறது. லாத்தா பள்ளம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நான் தேடிப் பார்த்தேன். இதை மூன்று மாதத்துக்கு முன்னால் போட்டிருந்தால் என்னலே உங்களுக்கு?

தென்காசி எல்லையில் முத்துச்செல்வம் கை காட்டினார். ஓரம் கட்டினேன். அடையாளம் கண்டுகொண்டு சிரித்தபடியே வந்தார்.

"என்ன பாய், தனியா வாறிய? எல் போர்டு போட்டுட்டுத் தனியா வரக்கூடாதுல்லா. டீச்சர் இன்னைக்கு லீவா?"

"சொல்லிக் கொடுத்து முடிச்சுட்டா சார்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்து சீட்டைப் பார்த்தார். அது இன்னும் சாய்த்தபடியே இருக்கிறது, தலையணையும் இருக்கிறது. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "போயிட்டு வாங்க பாய்" என்றார் பிறகு.

நான் இறங்கினேன். அவர் சொன்னதும் சட்டம்தானே. முன்னால் இருந்த போர்டை நகத்தால் கிள்ளி உரித்தேன். பின்னால் உள்ளது வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, துண்டு துண்டாகத்தான் வந்தது. முத்துச்செல்வமும் வந்து ஒரு பக்கம் உரித்தார்.

திரும்பும்போது ரோட்டில் ஒரு குலுக்கல் இல்லை. ஆனாலும் கால் இருபத்தைந்துக்கு மேல் மிதிக்கவில்லை. பின்னால் ஒரு கார் கடையம் வரைக்கும் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. அடிக்கட்டும். பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?