கேதீஸ்வரனின் மோட்டரும் ஓடை மீன்களும்

தொண்டைமானாறு
14.08.2024, புதன்கிழமை

அன்புள்ள தேவமலருக்கு,

கர்த்தர் கிருபையால் நலமாயிருக்கிறேன். 6ஆம் திகதியிட்ட உமது கடிதம் நேற்றுக் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்ததா? மட்டக்களப்பில் மழை உண்டா?

இங்கே ஒரு சிறிய சங்கடம். நான் மீன் கணக்கெடுக்கும் உப்பேறிய ஓடையில், அடியிலிருந்து நன்னீர் ஊறும் இடத்தில் மட்டுமே இக்கோடையில் மணலை மீன் குஞ்சுகள் பிழைத்திருக்கின்றன. என்னைத் தம் வீட்டில் தங்கவைத்திருக்கும் கேதீஸ்வரன் 9ஆம் திகதி குழாய்க்கிணற்றுக்குப் பெரிய மோட்டர் பூட்டினார். அது ஓடினால் ஊற்று அடங்கிவிடுகிறது. குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நிறுத்தும்படி கேட்டேன்.

"ஐயா, என்ரை வெங்காயத்தைக் காயவிட்டு மீனுக்குத் தண்ணி விடட்டோ?" என்று சிரித்தபடி என் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார்.

மோட்டரை நிறுத்தவேண்டுமென்று இன்று காலை எங்கள் மீன்வள அலுவலகக் கந்தோருக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை; தெரிந்தபின் இவ்வீட்டில் தங்கமுடியாது. ஆகவே, நான் அனுப்பச் சொன்ன எனது பழைய மூக்குக்கண்ணாடியை இவ்வீட்டு விலாசத்துக்கு அனுப்பவேண்டாம், கந்தோருக்கே அனுப்பும்.

அவசரத்துடன்,
உமது வில்லியம்