பங்களாப் பக்கம் திரும்பிய குழாய்

மார்ச் 3, திங்கள்

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். பதுளை அறையில் மின்விசிறி மறுபடியும் மக்கர்.

கிராமபோன்: முடிந்தது. கைப்பிடி சுற்றுகிறது, ஊசி இறங்குகிறது. வால்வு ரேடியோ: டயல் விளக்கு இன்னும் மஞ்சளாக வேண்டும். குழாய் ஸ்பீக்கர்: முடிந்தது என்று நினைத்தேன்.

கொழும்பு ஒபிஸிலிருந்து மதனின் மெயில். மேலாளர் அல்லவா, வணக்கம்கூடக் கிடையாது. ‘பங்களா வராந்தாவில் நின்றால் திருவிழாப் பாட்டு கேட்கவில்லை. பிழை. திருத்தவும்.’

தெமோதரைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களா ஹோட்டலாகிறது. வருகிறவர்கள் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தக் காலத்துப் பாட்டுக் கருவிகளை இயக்கிப் பார்க்க வேண்டும். மேலே பங்களாவில் கிராமபோனும் ரேடியோவும். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் திருவிழா, ரெக்கார்ட் செட், மரத்தில் குழாய். லயம் என் பிடிவாதம். அதற்காக மதனோடு எவ்வளவு மல்லுக்கட்டல். ரெக்கார்ட் போடுகிற பெண் அம்மாவேதான். அம்மா இருக்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போய், அம்மாவைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துச் செய்த உருவம். மூக்குத்திகூட அதே.

சத்தமும் நிஜம். பசாரில் சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கும் முஸ்லிம் நானாவின் கடையில் மூலையில் கிடந்த குழாய். “இத இப்ப ஆரும் கேக்கிறல்ல தங்கச்சி, கொண்டு போங்க.” அதில் பாட்டை ஓடவிட்டுப் பதிவு செய்தேன்.

பகல் முழுக்கப் பிழை தேடினேன். பிழையே இல்லை. குழாயின் வாய் தேயிலை மலையைப் பார்த்திருக்கிறது, பங்களாவுக்கு முதுகு. சத்தம் வாய் போகிற பக்கம்தானே போகும். திருப்பி வைத்தது நான். யோசித்துச் செய்ததாக நினைவில்லை. கை தானாக வைத்திருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

ஸ்பிரிங்வெளி பஸ். நின்றுகொண்டே பயணம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழாய் ஏன் எப்போதும் மலையைப் பார்த்தே இருந்தது என்று கேட்டேன். நிமிரக்கூட இல்லை.

“குழா வாயி பங்களாப் பக்கம் இருக்கக் கூடாதுல்ல. தொர தூங்குவாரு. கட்டுறப்பவே கங்காணி கீழ நின்னு பாத்துட்டுத்தான் போவாரு.”

அப்பா மரத்தில், கங்காணி கீழே கையை நீட்டிக்கொண்டு. ஒவ்வொரு திருவிழாவிலும் பார்த்திருக்கிறேன். குழாய் கட்டுவது என்றால் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்திருக்கிறேன்.

பிறகு, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னாள். ஒரு திருவிழாவில் காற்றடித்துக் கயிறு தளர்ந்துவிட்டதாம். குழாய் தானே பங்களாப் பக்கம் திரும்பிவிட்டது.

“மறுநா காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுல ஒங்கப்பா பேரக் கூப்புடல. ரெண்டு கெழம வேல குடுக்கல. காத்து திருப்புனதுக்கு மனுசனுக்குத் தண்டன.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்லி? நீ சின்னப்புள்ள. அப்பாவுக்குச் சொகமில்லன்னு சொன்னேன்.”

அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அப்பா பகலெல்லாம் வீட்டில். பட்டம் செய்து கொடுத்தார். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் என்று அவர் செத்த பிறகும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது இடி, மழை. அழுகை வரவில்லை. ஆத்திரம் மட்டும்.

மார்ச் 6, வியாழன்

வாங்க: சவர்க்காரம், பற்றரி, அம்மாவுக்குத் தைலம்.

மதனோடு வீடியோ அழைப்பு. அப்பா கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன்?

“நல்ல கதை ரேணுகா. ஆனா கெஸ்ட்டுக்குக் கதை வேணாம், மூட் வேணும். குழாயப் பங்களாப் பக்கம் திருப்புங்க. தூரத்துல மெல்லிசாக் கேட்கட்டும்.”

வி.ஆரில் லயத்துக் கதவுகளைப் பூட்டியாயிற்றாம். உள்ளே இருட்டாம், யார் போகப் போகிறார்கள் என்கிறார். புதிய வடிவத்தைத் திறந்து காட்டினார். வராந்தாவில் துரை. எதிரே தேநீர்த் தட்டோடு குனிந்து நிற்கும் ஒரு பெண். அதே மூக்குத்தி.

“அந்த மொடல் சும்மாதானே இருந்திச்சு.”

“அது எங்க அம்மா.”

மதன் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். “அப்ப இன்னும் ஒரிஜினல்தானே.”

லெப்டொப்பை மூடிவிட்டேன். கேட்டிருக்க வேண்டியது: உன் அம்மாவைக் குனிய வைப்பாயா? படிக்கட்டில் இறங்கும்போதுதான் வாயில் வந்தது. என் புத்தி எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 7, வெள்ளி

அம்மா கிளினிக்குக்கு வந்தாள். பிரஷர் மாத்திரை. அப்படியே அறைக்கு. “நீ செஞ்சதக் காட்டேன்.”

மதன் மாற்றிய வடிவத்தை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. கொண்டைக்கு மேல் ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். வெறும் காற்றில் கையை நீட்டித் தொடப் பார்த்தாள்.

“இது நானா?”

“ஆமாம்மா.”

“தட்ட வச்சிக்கிட்டு யாருக்குக் குனியுறேன்?”

ஹெட்செட்டைக் கழற்றக் கை நீட்டினேன். தானே கழற்றி மேசையில் வைத்தாள்.

“நான் மலையில கொழுந்தெடுத்தவ. பங்களாவுக்குள்ள கால் வச்சதில்ல. என்னைய அங்கயிருந்து எடுத்துடு.”

தேநீர் குடித்துவிட்டு, செருப்பைப் போடும்போது: “பாட்டு ஏன் சீக்காளி மொனகுற மாதிரி கேக்குது? ஒங்கப்பா அவ்வளவு மெதுவா வைக்கவே மாட்டாரு.”

மார்ச் 9, ஞாயிறு

வெயில். சோறு பொங்கவில்லை, பாணும் சம்பலும்.

என் பிரதியில் தட்டை அழித்தேன். அம்மாவை லயத்துக்குக் கொண்டுபோய் ரெக்கார்ட் செட் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வைத்தேன். கதவுகளைத் திறந்தேன். ஒபிஸ் பிரதியிலிருந்த அம்மா உருவத்தையும் அழித்தேன். வேலை போகும். போகட்டும்.

குழாயைப் பங்களாப் பக்கம் திருப்பினேன், மதன் சொன்னபடியே. சத்தம் மட்டும் நானா கடைக் குழாயில் பதிவானபடி, துளியும் குறைக்காமல். போனில் அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

தெமோதரை. பங்களா வராந்தாவிலேயே காட்டச் சொன்னார்கள். மதன், ஹோட்டல்காரம்மா, அவரின் கணக்காளர்.

ஹோட்டல்காரம்மா ஹெட்செட்டை மாட்டினார். கிராமபோனைச் சுற்றினார், அழகு என்றார். ஹெட்செட்டுக்குள், கீழே லயத்தில் அம்மா ஊசியை வைத்தாள்.

ஹோட்டல்காரம்மா துள்ளிவிட்டார். “குறைங்க! இத எங்க குறைக்கிறது?”

“லயத்துல, அம்ப்ளிஃபையர்ல. கீழ நடந்து போகணும். அங்க நிக்கிற அம்மாக்கிட்டக் கேக்கணும்.”

போகவில்லை. கழற்றிப் போட்டார். மதன் முகம் சிவந்துவிட்டது. “இனி உங்கள வச்சிருக்க ஏலாது ரேணுகா.” சரி என்றேன். ஹெட்செட்டை அவர்களிடமே விட்டேன், அது ஒபிஸ் பொருள். அம்மா என் லெப்டொப்பில்.

தெமோதரை ஸ்டேஷன் பெஞ்ச். ரயில் தாமதம். இன்னும் உடம்பு கொதிக்கிறது. அம்மாவுக்கு போன் செய்தேன். வேலை போனதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

“பங்களாவுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா.”