அம்மாவின் படங்கு

ஜூலை 12, வெள்ளி

இன்று பள்ளிக்கூட விழாவில் நான் எழுதிய நகைச்சுவைப் பாட்டுக்கு மண்டபமே சிரித்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் பாட்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளை கையை ஆட்டி ஆட்டிப் பாடினாள். அந்தக் கையாட்டல் அம்மாவுடையது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இடுப்பில் கட்டியிருந்த படங்கும் அம்மா கொழுந்தெடுக்கக் கட்டிப் போகும் அதே சாக்குத்தான். விழாவுக்கு என்றதும் துவைத்துக் கொடுத்திருந்தாள்.

மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாவும் சிரித்தாள்.

முடிந்ததும் பள்ளிக்கூட அதிபர் வந்தார். "படங்கு அசலா இருக்கே டீச்சர், யாருகிட்ட வாங்கினீங்க?"

அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள்.

"தோட்டத்துல ஒருத்தங்க குடுத்தாங்க சேர்."

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். தெரிந்தேதான் சொன்னேன்.

வீடு திரும்பும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் அம்மா வெளியே பார்த்தபடியே வந்தாள். இறங்கும்போதுதான் என் பையைக் காட்டிப் பேசினாள்.

"அந்த ஒருத்தங்க நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் குடுத்துட்டு கொழுந்தெடுக்கப் போகணும். படங்கக் குடுத்துரு."