கழற்றி வைத்த கிளிப்

செவ்வாய், இரவு.

மதியம் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து எங்கள் வார்டுக்கு ஒருவர் வந்தார். பாகலூர் பக்கம் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. ஆக்சிஜன் அளவு காட்டும், குறைந்தால் கத்தும் கிளிப்பை விரலில் மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. கிளிப் தலையணையோரம் கிடந்தது.

தாடையைத் தூக்கிப் பிடித்து, பெயர் சொல்லிக் கத்தி, ஆக்சிஜன் வைத்த பிறகுதான் மூச்சை இழுத்தார்.

"அது கத்திட்டே இருந்துச்சுங்க சிஸ்டர். நல்லா கொறட்டை உட்டுத் தூங்கினாரு, முழிச்சுக்குவாருன்னு நாந்தான் கழட்டிட்டேன்," என்றாள் அவர் மனைவி.

தொண்டை அடைபடும் சத்தம்தான் அந்தக் குறட்டை. அந்தக் கிளிப் எதற்கென்று நானும் அவளிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. திட்ட வாய் வரவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் தூங்கும்போது நானும் குக்கர் வைப்பதில்லை. காலிங் பெல்லைக்கூட அணைத்துவிடுவேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தார். இனி பயமில்லை, நன்றாகத் தூங்கட்டும் என்றார். நான் கிளம்பும்போது அந்த மனிதர் கண் அயர்ந்தார். மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, தூங்காதீங்க. என்னைப் பாருங்க."