பதினைந்தாம் இலக்கத்து மஞ்சள் கதவு

அனுப்புநர்:
திருமதி சந்திரவதனா ஆனந்தராஜா,
இலக்கம் 14, ஹெதர் கோர்ட், முதலாம் மாடி,
தென் லண்டன்.

பெறுநர்:
வீட்டு வசதி அதிகாரி அவர்கள்,
கவுன்சில் அலுவலகம்,
தென் லண்டன்.

பொருள்: எமது அயலவர் துங்கு ஜலாலுடீன் அவர்கள், தமது வீட்டைத் தாங்கள் திருப்பி எடுப்பதற்குத் தாமே ‘ஆட்சேபமில்லை’ என்று எழுதி அனுப்பியதைத் தள்ளிவிடுமாறும், அவரது கதவின் நிறத்தை மாற்றித் தருமாறும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் கடிதங்களின் அடியில் ‘உங்கள் மொழியிலும் எழுதலாம்’ என்று தமிழில் அச்சிட்டிருக்கிறது. அதை நம்பித் தமிழிலேயே எழுதுகிறேன். இதை மொழிபெயர்க்கப்போகும் தம்பியோ தங்கச்சியோ தயவுசெய்து ஒரு வரியையும் சுருக்க வேண்டாம். சுருக்கினால் எனக்கு விசர் என்றுதான் அதிகாரி நினைப்பார்.

1. துங்கு என்பது பெயர் அல்ல. மலாய் நாட்டில் அரச குடும்பத்தில் பிறந்தவர்களின் பட்டம். அவர் அங்கே ஒரு சுல்தானின் அரசில் மாவட்ட அதிகாரியாகவும், பிறகு அரண்மனைச் சடங்குகளுக்குப் பொறுப்பாகவும் இருந்தவர். எந்தச் சுல்தான் என்று நான் எழுதக்கூடாதாம். வீட்டு வாடகைக் கடிதத்தில் அரசரின் பெயர் வருவது மரியாதை இல்லையாம். இளம் வயதில் லண்டனுக்குச் சட்டம் படிக்க வந்தவர், மார்கரெட் என்ற தாதியைக் கலியாணம் முடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஓய்வுபெற்றதும் அந்த அம்மையாரின் ஊருக்கே இருவரும் வந்து, 15ஆம் இலக்கத்தில் குடியிருந்தார்கள். அம்மையார் அந்த வீட்டில்தான் காலமானார். அவருடைய மழைக்கோட்டு இன்றும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அரச குடும்பம் என்றால் கையில் காசு இருக்கும் என்று தாங்கள் நினைக்கக்கூடாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

2. அவருக்குத் தமிழும் தெரியும். ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் கொண்டுவந்த மனுக்களை வாசிப்பதற்கென்றே படித்தாராம். அதனால் அவர் பேசுவது முழுவதும் மனுத் தமிழ். “அம்மா, தங்கள் சமையலறையிலிருந்து சிறிதளவு சொதி வழங்கி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று கிண்ணத்தோடு நிற்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊற்றிக் கொடுப்பேன்.

3. இனிக் கதவு விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் மாசியில் கவுன்சில் எங்கள் கட்டடத்துக் கதவுகளுக்கெல்லாம் மஞ்சள் அடித்தது. எனக்கு மெத்தப் பிடித்தது. எங்களுக்கு அது மங்கலமான நிறம். ஆனால் அன்று என் கணவர் பெற்றோல் நிலையத்து ஷிப்ட் முடித்து அடித்துப்போட்டாற்போல் உறங்கியதால், பெயின்ற் அடிப்பவர்கள் தட்டியது அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் கதவு மட்டும் பழைய பழுப்பிலேயே நின்றுவிட்டது. எங்களுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை என்று நான் எழுதிய புகார் தங்கள் கோப்பில் இருக்கும்.

4. துங்குவின் நாட்டில் மஞ்சள் அரசருக்கு உரிய நிறம். மற்றவர்கள் மஞ்சள் உடுத்து அரண்மனைக்குப் போவதில்லை. தெரியாமல் உடுத்து வந்தவர்களை வாசலில் நிறுத்தி, பணிவாகத் திருப்பி அனுப்புவது துங்குவின் வேலையாக இருந்திருக்கிறது. பெரிய வங்கி முதலாளி ஒருவரின் மனைவியையே திருப்பி அனுப்பினாராம். “இத்தனை பேரைத் திருப்பிய நான் மஞ்சள் வாசலால் போய்வருவது முறையாகாது அம்மா” என்றார். அதோடு அரச குடும்பத்துத் தூரத்துச் சொந்தம் வேறு. மஞ்சள் வாசல் வைத்து வாழ்கிறார் என்று அங்கே கேள்விப்பட்டால், அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று நினைப்பார்களாம். கவுன்சில் கட்டடத்தில் முழங்கால் வலியோடு இருக்கிற மனிதர் மேல் யார் ஐயா அப்படிச் சந்தேகப்படுவார்கள் என்று கேட்டேன். “சந்தேகம் சிறிதாகத்தான் தொடங்கும் அம்மா” என்றார்.

என் கணவர் அவரிடம், “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் பெயின்ற் வாங்கிவந்து நானே அடிச்சு விடுறன்” என்றார். துங்கு சம்மதிக்கவில்லை. அனுமதியில்லாமல் அரசாங்கச் சொத்தில் கைவைக்கக்கூடாதாம்.

5. ஆகவே அவர் கண்டுபிடித்த வழி இது. எங்கள் பல்கனிக்கும் அவருடைய பல்கனிக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்பு, சென்ற வருடத் தை மாதப் புயலில் விழுந்தது. அதைத் திருத்தித் தரும்படி நான் பல முறை எழுதியும் தாங்கள் அசையவில்லை. அந்த இடைவெளியால் துங்கு எங்கள் பல்கனிக்கு வந்து, எங்கள் ஹோலைக் கடந்து, எங்கள் பழுப்புக் கதவால் வெளியே போகிறார். வரும்போதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கதவடியில் நின்று, “கடந்து செல்ல அனுமதி வேண்டுகிறேன்” என்பார். “அனுமதி உண்டு, வாங்கோ” என்று சொல்லி எனக்கும் பழகிவிட்டது. என் கணவர் சோபாவில் உறங்கினால் துங்கு சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பார்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என் வீடு என்ன பஸ் நிலையமா என்று கணவரிடம் சத்தம் போட்டேன். பிறகு மெல்ல மெல்ல அவர் வரும் நேரத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். கோப்பையைக் கையில் பிடித்தபடி, யானை புகுந்த கச்சேரி அலுவலகத்தைப் பற்றியும், வெள்ளக் காலத்தில் வள்ளத்தில் இருந்தபடியே வழக்கு விசாரித்ததைப் பற்றியும் சொல்லுவார். மேல் மாடிக்காரர் இருவருக்கு உடுப்புக் காயப்போடும் கொடியால் வந்த சண்டையை எங்கள் சோபாவில் இருந்து விசாரித்துத் தீர்த்தும் வைத்தார். தோற்றவர்தான் அதிகம் நன்றி சொன்னார்.

6. இந்த நிலையில், 15ஆம் இலக்கத்துக் கதவு திறபடுவதில்லை என்று யாரோ தங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். புயலில் விழுந்த தடுப்பைக் காணாத கவுன்சில், திறபடாத கதவைக் கண்டுபிடித்தது பாராட்டுக்குரியது. தங்கள் ஊழியர் வந்து தட்டிய நேரம் துங்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பதில் இல்லாததால், கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். துங்கு அதைக் கண்டார். அரசாங்கம் ஒட்டியதைத் தொடக்கூடாது என்று விட்டுவிட்டார். ஊழியர் மறுபடி வந்தபோது காகிதம் கிழியாமல் இருந்தது. வீட்டில் ஆள் இல்லை, ஆட்சேபம் இருந்தால் அறிவிக்கவும், இல்லாவிட்டால் வீடு திரும்ப எடுக்கப்படும் என்று தங்கள் கடிதம் வந்தது.

7. இனி எழுதுவதைத் தாங்கள் நம்ப வேண்டும். துங்கு அந்தக் கடிதத்தை வாசித்தார். வாதம் ஒழுங்காக இருந்தது. விதி காட்டப்பட்டிருந்தது. விசாரணை முறையாக நடந்திருந்தது. மேசைக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் காலமெல்லாம் அப்படிச் சரிபார்த்துப் பழகிய மனிதர், பேனையை எடுத்துப் பச்சை மையில், ‘காரணங்கள் தெளிவாக உள்ளன. ஆட்சேபமில்லை’ என்று எழுதிக் கையொப்பம் இட்டுத் தங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அதை அவரே வந்து எனக்குப் பெருமையாகச் சொன்னார். “அம்மா, தங்கள் கவுன்சிலில் மிகச் சிறப்பாக வரைவு எழுதும் ஒருவர் இருக்கிறார்.” அவர் எடுத்து வைத்திருந்த பிரதியை வாங்கிப் பார்த்தேன். “ஐயோ, அது உங்கட வீடு ஐயா!” என்று கத்திவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “மார்கரெட்டின் மழைக்கோட்டை எங்கே கொண்டுபோவது?” என்று கேட்டார். அன்று ஒரு நாள்தான் அவர் மனுத் தமிழை மறந்து பேசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாற்றி எழுதுங்கோ ஐயா என்று கெஞ்சினேன். அவருக்கு ஏலாதாம். தான் இட்ட உத்தரவைத் தானே மாற்றும் அதிகாரி நல்ல அதிகாரி அல்லவாம், மேலதிகாரிதான் மாற்ற வேண்டுமாம். அந்த மேலதிகாரி தாங்கள்தான் என்று நான் தீர்மானித்து இதை எழுதுகிறேன்.

8. ஆகவே நான் கேட்பது:

(அ) அந்த ‘ஆட்சேபமில்லை’ சம்மதம் அல்ல, பழக்கதோஷம். அதைத் தள்ளி, வீட்டை அவருக்கே விட்டுவிட வேண்டும்.

(ஆ) 15ஆம் இலக்கத்துக் கதவுக்கு மஞ்சள் தவிர்ந்த எந்த நிறத்தையும் அடித்துத் தர வேண்டும். பச்சை என்றால் அவருடைய மைக்குப் பொருத்தமாக இருக்கும்.

(இ) எங்கள் கதவுக்கு மஞ்சள் கேட்டு எழுதியதை வாபஸ் பெறுகிறேன். கொஞ்சம் மனவருத்தத்தோடுதான். இந்தக் கட்டடத்தில் அவர் நுழையக்கூடிய வேறு வாசல் இல்லை.

(ஈ) பல்கனித் தடுப்பைத் திருத்தித் தரும்படி எழுதிய அத்தனை கடிதங்களையும் வாபஸ் பெறுகிறேன். அவருடைய கதவு திறந்த பிறகும் அந்த இடைவெளி அப்படியே இருக்கட்டும். காலையில் கண்ணாடிக் கதவடியில் யாரும் வந்து அனுமதி கேட்காவிட்டால் எனக்கு இனிச் சரிவராது.

நேரில் விசாரிக்க வருவதாக இருந்தால் 14ஆம் இலக்கத்தைத் தட்டுங்கள். துங்குவிடம் எங்கள் ஹோலால் கூட்டிப்போகிறேன். வடை சுட்டு வைப்பேன். தாங்கள் மஞ்சள் கழுத்துப்பட்டி கட்டி வராமல் இருந்தால் போதும்.

காலம் கடத்தாமல் நல்ல முடிவு தருவீர்கள் என்று எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) சந்திரவதனா ஆனந்தராஜா

இடம்: தென் லண்டன்
திகதி: 17.06.1991

பி.கு.: தபாலில் போடுமுன் இதைத் துங்குவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனையை எடுத்தார். மறுபடியுமா என்று நினைத்தேன். நல்லகாலம், 8(ஈ)க்குப் பக்கத்தில் மட்டும் பச்சை மையில் ‘ஆட்சேபமில்லை’ என்று எழுதியிருக்கிறார். இதை அவர் விளங்கித்தான் எழுதினார். இதைத் தாங்கள் தள்ளிவிட வேண்டாம்.